படகிற் சென்று கடற்பிராணிகளைக் காணுதல்

வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், மெக்ஸிகோ தேசத்துக்கு உரியதாய்த் தென்கிழக்கு நோக்கி நீண்டு கிடக்கும் ஒரு தீபகற்பம் உண்டு. பாஹா கலிபோர்னியா என்பது அதன் பெயர். அதற்கும் மெக்ஸிகோவின் பெருநிலப் பகுதிக்கும் இடையே, ஏறக்குறைய 1,100 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒடுங்கிக் கிடக்கும் கடலைக் கலிபோர்னியா வளைகுடா என்றும், கோர்த்தேஸ் கடல் என்றும் அழைப்பர். இக்கடலின் கரைகள் பெரும்பாலும் பாலை நிலமே. மழை அரிது, கள்ளியினங்களும் முட்புதர்களுமே கண்ணுக்குத் தோன்றுவன. ஆயின், கரையைக் கண்டு இரங்கிய ஒருவன் படகேறிச் சிறிது தூரம் சென்று நீருக்குள் நோக்குவானாயின், அவன் இரக்கம் வியப்பாக மாறும். நிலம் எவ்வளவுக்கு வறியதோ அவ்வளவுக்கு நீர் செழித்திருத்தலை அங்கே காணலாம்.

இதற்குக் காரணம் யாதெனின், குளிர்காலத்தில் வடமேற்கிலிருந்து வீசும் காற்று மேற்பரப்பு நீரை ஒருபுறம் ஒதுக்கிச் செல்ல, அவ்விடத்தை நிரப்பும்பொருட்டு ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலெழுகின்றது. இடைப்பகுதித் தீவுகளினூடே விரைந்தோடும் ஏற்ற இறக்க நீரோட்டங்களும் கடலை நாள்தோறும் கலக்கிக்கொண்டே இருக்கின்றன. உழவன் கீழ்மண்ணை மேலாகப் புரட்டுவது போன்ற செயல் இது. ஆழத்தில் தங்கிய எருச்சத்து வெயில் படும் இடத்துக்கு வருகின்றது. அதனால் கண்ணுக்குப் புலப்படாத நுண்பயிர்கள் பெருகுகின்றன. அவற்றைத் தின்னும் நுண்ணுயிர்களும், அவற்றைத் தின்னும் சிறுமீன்களும் பெருக, அவற்றை நாடித் திமிங்கிலம் ஈறாகப் பெரும்பிராணிகள் வந்து சேர்கின்றன. இவ்வளைகுடாவின் தீவுகளையும் காக்கப்பட்ட பகுதிகளையும் ஐக்கிய நாடுகளின் கல்வி விஞ்ஞானப் பண்பாட்டுச் சங்கம் 2005-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

1940-ஆம் ஆண்டின் இளவேனிலில் ஜான் ஸ்டீன்பெக் என்னும் அமெரிக்க நாவலாசிரியரும், அவர் நண்பரும் கடற்பிராணி நூல் வல்லுநருமாகிய எட்வர்ட் ரிக்கெட்ஸ் என்பவரும், மத்திமீன் பிடிக்கும் படகொன்றை வாடகைக்கு அமர்த்திக்கொண்டு மாண்டெரே துறையினின்றும் புறப்பட்டு, இவ்வளைகுடாவை ஏறக்குறைய ஆறு வாரம் சுற்றினர். அவர்கள் சென்றது காண்பதற்கு மட்டுமன்று, சேகரிப்பதற்கு. நண்டு, நட்சத்திரமீன், கடலட்டை முதலிய கரையோரப் பிராணிகளை எடுத்துச் சாராயச் சாடிகளில் இட்டுக் கொண்டுவந்தனர். அக்காலத்துச் சாஸ்திர முறை அது. அதனைக் குறை கூறுதல் நம் நோக்கமன்று. இக்காலத்திலோ, சொந்தப் பாய்மரப் படகிலும் யந்திரப் படகிலும், வாடகைத் தோணியிலும் அக்கடலுக்குச் செல்லும் ஆயிரக்கணக்கானோர் எதையும் எடுத்து வருவதில்லை. பார்த்துத் திரும்புகின்றனர். பார்ப்பதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று நாம் எளிதாக நினைத்துவிடுகின்றோம். பார்ப்பதற்கும் ஒரு விலை உண்டு. அவ்விலையைப் பெரும்பாலும் கொடுப்பது நாமல்லோம், பார்க்கப்படும் பிராணியே. அது எவ்வாறென்பதையும், அவ்விலை எவ்வாறு குறையும் என்பதையும் அக்கடலின் சில பிராணிகளைக் கொண்டே விளக்கப் புகுகின்றோம்.

முதற்கண், நீருக்குள் நோக்கும் மனிதனின் நிலையைச் சிறிது கூறுதல் வேண்டும். அவனுக்கு வேண்டிய கருவிகள் மூன்றே: கண்ணையும் மூக்கையும் மூடும் முகக் கண்ணாடி, வாயிற் கவ்விக்கொள்ளும் சுவாசக் குழல், காலில் மாட்டும் ரப்பர்த் துடுப்பு. நம் கண் காற்றிற் பார்ப்பதற்கென அமைந்தது. நீர் நேரே கண்ணிற் பட்டால் உருவங்கள் கலங்கித் தோன்றும். கண்ணாடிக்குள் அடைபட்ட காற்று அக்குறையைப் போக்குகின்றது. ஆயினும் நீரினின்று கண்ணாடி வழியாகக் காற்றுக்குள் வரும் ஒளி வளைந்து வருதலால், பொருள்கள் உள்ளவாற்றினும் மூன்றில் ஒரு பங்கு பெரியனவாயும், நான்கில் ஒரு பங்கு அண்மையனவாயும் தோன்றும். ஆதலால், கரைக்கு வந்து "இத்தனை பெரிய மீன்" என்று கை விரித்துக் காட்டுவோர் சொல்வதில் நான்கில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது நன்று. அவர் பொய் சொல்லவில்லை, கண்ணாடி சொல்லியதைச் சொல்கின்றார்.

குழலை நீளமாகச் செய்துகொண்டால் இன்னும் ஆழத்திற் செல்லலாமே என்று மாணவர் சிலர் கேட்பதுண்டு. செல்லலாகாது. ஒரு மீட்டர் ஆழத்திலேயே நீரின் அமுக்கம் மார்பை நெருக்குதலால், மேலுள்ள காற்றை இழுத்துக்கொள்ள நம் மார்புத் தசைகளுக்கு வலிமை போதாது. அன்றியும், நீண்ட குழலில் நாம் வெளிவிட்ட அசுத்தக் காற்றே தங்கி, அதனையே மீண்டும் உட்கொள்ள நேரிடும். ஆகவே இக்கருவி கொண்ட மனிதன் மேற்பரப்பில் முகங்கவிழ்ந்து மிதப்பவனே. கடற்பிராணிகள் அவனைக் கீழிருந்து, ஒளிக்கெதிராக, ஒரு கரிய நிழலாகக் காண்கின்றன.

கண்ணைக் காட்டிலும் காதின் செய்தி இங்கே முக்கியமானது. காற்றில் ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் செல்லும். கடல் நீரிலோ 1,500 மீட்டர் செல்லும். ஓர் ஒலி எத்திசையினின்று வருகின்றதென்பதை, அஃது இரு காதுகளையும் வந்தடையும் நேர வேறுபாட்டைக் கொண்டே பெரிதும் அறிகின்றோம். நீரில் அவ்வேறுபாடு மிகக் குறுகிவிடுதலால், படகின் யந்திரம் எங்கும் ஒலிப்பது போலத் தோன்றுமேயன்றி, அஃது எப்பக்கத்தினின்று வருகின்றதென்பது விளங்காது. மூழ்குவோர் நீரிலிருக்கையில் ஒருவர் படகில் இருந்து காவல் செய்ய வேண்டும் என்னும் விதி இதனால் ஏற்பட்டது. ஓங்கிலும் திமிங்கிலமும் ஒலியைக் கொண்டே வழியறிவன, உறவறிவன. விரைந்து வரும் யந்திரத்தின் இரைச்சல் அவற்றுக்கு வெறும் தொந்தரவன்று. நமக்கு இருளோ மூடுபனியோ எப்படியோ அப்படியாகும். எனவே அக்கடலிற் பழகிய படகோட்டிகள், பிராணியைக் கண்டவுடன் விரைவைக் குறைத்து, பின்னாலும் முன்னாலும் போகாது பக்கவாட்டில் விலகி நின்று, யந்திரத்தை ஓய்வாக ஓடவிட்டுக் காத்திருப்பர். புதியவர் துரத்துவர். துரத்தியவர் காண்பது பெரும்பாலும் வாலை மட்டுமே.

இனிப் பிராணிகளுக்கு வருவோம். வளைகுடாவின் தென்பகுதியில் லா பாஸ் என்னும் துறைமுக நகரம் உளது. அதற்கு வடக்கே எஸ்பிரிட்டு சாந்தோ தீவும், அதன் வடகோடிக்கு அப்பால் லோஸ் இஸ்லோத்தெஸ் என்னும் பாறைத் திட்டுகளும் இருக்கின்றன. பறவை எச்சத்தால் வெளுத்த அப்பாறைகளில் கலிபோர்னியக் கடற்சிங்கங்கள் நூற்றுக்கணக்காக வாழ்கின்றன. நெருங்குமுன்னரே அவற்றின் குரைப்பொலியும், அதனினும் முன்னே அவற்றின் நாற்றமும் படகை வந்தடையும்! நிலத்தில் தத்தித் தத்தி நகரும் அவை நீரில் இறங்கினவுடன் வேறொரு பிராணியாகிவிடுகின்றன. இளங்குட்டிகள் நீந்துவோனைச் சுற்றிச் சுழன்று வந்து, முகக் கண்ணாடிக்கு நேரே தலைகீழாக நின்று உற்றுப்பார்த்து, கால் துடுப்பைப் பல்லால் மெல்லக் கவ்வி இழுக்கும். நாய்க்குட்டி வேட்டியைப் பற்றி இழுப்பதற்கும் இதற்கும் வேறுபாடில்லை. மனிதன் கை நீட்டினால் விலகும். கையைக் கட்டிக்கொண்டு சும்மா மிதந்தால் நெருங்கும். அங்குச் சென்று வந்தோர் பலரும் முதலிற் கூறும் செய்தி இதுவே.

குட்டியின் விளையாட்டைக் கண்டு மயங்கி, ஆணை மறந்துவிடலாகாது. வளர்ந்த ஆண் 350 கிலோகிராம் வரை எடையுள்ளது, நெற்றி மேடிட்டிருக்கும். இனப்பெருக்க காலத்தில் அது தனக்கென ஒரு கரைப்பகுதியை வரைந்துகொண்டு, உணவும் கொள்ளாது பல நாள் காவல் செய்யும். நீருக்குள்ளும் குரைத்து, குமிழிகளை உமிழ்ந்து எச்சரிக்கும். அவ்வெச்சரிக்கையைப் பொருட்படுத்தாதவர் கடிபடுதலும் உண்டு. இதனை ஆணின் கொடுமை என்று சொல்வதற்கில்லை. வேற்றார் வாயிலில் நுழைந்தவர் நாமே. அப்பருவமாகிய ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லோஸ் இஸ்லோத்தெஸில் நீந்துவதை மெக்ஸிகோ அரசாங்கத்தார் தடுத்துள்ளனர். தடைக்குக் காரணம் மனிதரின் நலம் மட்டுமன்று. படகு பாறையை மிக நெருங்கினால், கரையில் கிடக்கும் பெரியவை அஞ்சி ஒருசேர நீருக்குள் பாயும். அப்பாய்ச்சலில் புதிதாய்ப் பிறந்த குட்டிகள் மிதியுண்டு மடிவதுண்டு. படகிலிருந்து பார்ப்பவனுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. கீழே நடந்தது அவனுக்குத் தெரியாது.

லா பாஸ் துறையை அடுத்த ஆழமற்ற விரிகுடாவில் இலையுதிர்காலம் முதல் இளவேனில் வரை மற்றொரு பெரும்பிராணி வரும். மீன்களுள் மிகப் பெரியதாகிய அதனைத் திமிங்கிலச் சுறா என்பர். நம் நாட்டில் அம்மணி உழுவை என்னும் பெயரும் அதற்கு வழங்குகின்றது. வளர்ச்சியுற்றது 18 மீட்டர் வரை நீளும் என்பர். இவ்விரிகுடாவுக்கு வருவன பெரும்பாலும் இளையன. சுறா என்னும் பெயர் கேட்டு அஞ்ச வேண்டா. அதன் வாய் அகன்றது, தொண்டையோ குறுகியது. யோனா தீர்க்கதரிசியை விழுங்கிய மீன் இதுவாதல் இயலாது. நீரை வாயால் உறிஞ்சிச் செவுள்களின் வழியே வடித்து, நுண்ணுயிர்களையே உண்டு வாழ்கின்றது. சில வேளைகளில் வால் கீழாக, வாய் மேற்பரப்பை ஒட்டியதாக, நீரில் தூண் போல் நிமிர்ந்து நின்று, ஒரே இடத்தில் உறிஞ்சிக்கொண்டிருக்கும்.

அதன் முதுகில் வெண்புள்ளிகள் நிறைந்திருக்கும். ஒன்றன் புள்ளியமைப்பு மற்றொன்றற்கு இராது; நம் கைரேகை போன்றது. வானசாஸ்திரிகள் விண்மீன் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிடுவதற்கு வகுத்த கணித முறையையே இப்புள்ளிகளுக்குப் பொருத்தி, ஒவ்வொரு மீனையும் தனித்தனியே அடையாளம் காணும் வழியை 2005-ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். ஆதலின் படகில் வந்து நீந்தும் ஒருவர் எடுக்கும் இடப்பக்கப் படமும் சாஸ்திரத்துக்கு உதவும். பார்வையாளன் பிராணிக்குத் திருப்பித் தரக்கூடிய சில கைம்மாறுகளுள் இஃது ஒன்று.

அப்படங்களே வேறொரு செய்தியையும் வெளிப்படுத்தின. லா பாஸுக்கு வரும் திமிங்கிலச் சுறாக்கள் பலவற்றின் முதுகிலும் துடுப்பிலும் படகு மோதிய வடுக்களும், சுழல்விசிறி வெட்டிய தழும்புகளும் காணப்பட்டன. இம்மீன் மேற்பரப்பிலேயே மெதுவாக மேய்வது, விலகியோடும் வழக்கமில்லாதது. அதனைக் காண வந்த படகும், பிறிதொரு காரியமாக விரைந்து சென்ற படகும் அதற்கு ஒன்றே. அதன்பின் அங்கே கட்டுப்பாடுகள் ஏற்பட்டன. ஒரே வேளையில் இத்தனை படகுகளே செல்லலாம், இன்ன விரைவுக்கு மேற்படலாகாது, அநுமதி பெற்ற வழிகாட்டி உடன் வர வேண்டும், மீனைத் தொடலாகாது, அதன் எதிரே சென்று வழி மறிக்கலாகாது என்பன அவை. வரிசையிற் காத்திருக்க நேர்ந்த பிரயாணிகள் சிலர் முணுமுணுப்பதாகக் கேள்வி. முதுகிற் பிளந்த தழும்பை ஒருமுறை அருகிற் கண்டவர் முணுமுணுக்கமாட்டார் என்றே நினைக்கின்றோம். இந்தியாவிலும் இம்மீன் ஈரலெண்ணெய்க்காகவும் இறைச்சிக்காகவும் குஜராத் கரையில் வேட்டையாடப்பட்டு வந்தது. 2001-ஆம் ஆண்டில் நம் அரசாங்கத்தார் அதனைச் சட்டத்தாற் காத்தனர்.

படகு நங்கூரமிட்ட இரவுகளில் மூழ்காமலே காணத்தக்கன வேறு சில உண்டு. இளவேனிலிலும் கோடைத் தொடக்கத்திலும் சிறு கொம்புத் திருக்கைகள் ஆயிரக்கணக்காகத் திரண்டு வந்து, நீருக்கு மேலே ஆள் உயரம் துள்ளிப் பலகை விழுந்தாற் போன்ற ஓசையுடன் விழும். ஏன் துள்ளுகின்றன என்பதற்கு ஒருவருக்கொருவர் மாறாகப் பல விடை கூறுகின்றனர். ஓங்கில்களோ எனின், ஓடும் படகின் அணியத்தின் முன் நீர் தள்ளப்படுவதால் உண்டாகும் அலையின்மேல் ஏறிக்கொண்டு, வாலசைக்கும் உழைப்பின்றிச் சவாரி செய்யும். இவ்விளையாட்டு அவை தாமே வந்து ஏற்பது. படகு தன் வழியே, தன் விரைவிலே சென்றால் போதும். அவற்றை நாடி வளைத்துத் திருப்புதல் வேண்டா.

இதுகாறும் கூறியன வளைகுடாவின் உட்புறத்தன. தீபகற்பத்தின் மறுபுறம், பசிபிக் பெருங்கடலை நோக்கிய கரையில், மணல்மேடுகளுக்குப் பின்னே மறைந்து கிடக்கும் சில உப்பங்கழிகள் இருக்கின்றன. மனிதனும் கடற்பிராணியும் சந்தித்த வரலாற்றில் அவற்றுக்கு ஒப்பான இடம் வேறு உண்டோ என்பது ஐயம். சாம்பல் திமிங்கிலங்கள் கோடையில் வடதுருவத்தை அடுத்த கடலின் அடிச்சேற்றை வடித்து இரை தின்று கொழுத்து, குளிர்காலத்தில் கரையை ஒட்டியே தெற்கே நீந்தி இக்கழிகளுக்கு வந்து குட்டி ஈனும். போக வர 16,000 கிலோமீட்டருக்குக் குறையாத யாத்திரை இது. தாய் ஏறக்குறைய 30 டன் எடையுள்ளது. பிறந்த குட்டியே நாலரை மீட்டர் நீளமிருக்கும். கழியில் தங்கும் காலமெல்லாம் தாய் பெரும்பாலும் பட்டினி. தன் கொழுப்பையே பாலாக்கிக் குட்டியை வளர்க்கின்றது.

1857-58-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் சார்லஸ் ஸ்காமன் என்னும் அமெரிக்கக் கப்பல் தலைவர், இக்கழிகளுள் ஒன்றன் குறுகிய வாயிலைக் கண்டுபிடித்து உள்ளே நுழைந்தார். விளக்கெண்ணெய்க்காகத் திமிங்கிலம் வேட்டையாடிய காலம் அது. கழிக்குள் ஓட இடமில்லை. ஆதலால் கொலை எளிதாயிற்று. குட்டியை முதலில் துரத்தி, அதனைக் காக்க வரும் தாயை ஈட்டியால் எறிவது வேடர் கையாண்ட உபாயங்களுள் ஒன்று. தாய்களும் சும்மா இருக்கவில்லை. வாலால் அடித்துப் படகுகளை நொறுக்கின. வேடர் அதற்குப் "பேய் மீன்" என்று பெயரிட்டனர். குட்டிக்காகப் போராடிய தாய் பேயாயிற்று. பெயரிட்டவன் யாரென்பதை நாம் நினைவிற்கொள்ள வேண்டும். சில ஆண்டுகளுக்குள் அக்கழியில் வேட்டைக்குத் திமிங்கிலம் அரிதாயிற்று. ஸ்காமனே பிற்காலத்தில் இப்பிராணிகளின் இயல்பைக் கூர்ந்து எழுதி, 1874-ஆம் ஆண்டில் ஒரு சிறந்த நூலாக வெளியிட்டார் என்பதும் குறிப்பிடத்தக்கது. அழித்தவரே ஆராய்ந்தவருமாயினார்.

வேட்டை சர்வதேச உடன்படிக்கைகளால் 1930-களிலும் 1940-களிலும் தடுக்கப்பட்டது. ஆயினும் அச்சம் மக்களிடம் நீடித்தது. சான் இக்னாசியோ கழியின் மீனவர், திமிங்கிலம் அருகில் வரின் படகின் பலகையைத் தட்டி ஓசை செய்து விலக்குவரேயன்றி, தாமாக அணுகார். 1972-ஆம் ஆண்டில் ஒருநாள், பிரான்சிஸ்கோ மயோரல் என்னும் மீனவர் மீன்பிடித்துக்கொண்டிருக்கையில் பெரியதொரு திமிங்கிலம் அவர் படகை ஒட்டி எழுந்து, படகின் அடியிலும் பக்கத்திலும் உராய்ந்து நின்றது. ஓட வழியின்றிச் சிறிது நேரம் நடுங்கியிருந்த அவர், பின்னர் மெல்லக் கை நீட்டித் தொட்டார். திமிங்கிலம் விலகவில்லை. அதற்குப்பின் ஆண்டுதோறும், தாய்கள் தாமே படகுகளை நாடி வருவதும், குட்டியை மூக்கால் உந்தி மனிதரிடம் காட்டுவது போல் நிற்பதும் அக்கழியில் வழக்கமாயின.

இவ்வாறு வருவதன் காரணத்தை யாரும் அறுதியிட்டுக் கூறவில்லை. மேலே பற்றிய கொட்டலசுகளும் பேன்களும் அரிக்க, படகில் உராய்ந்துகொள்கின்றதென்பர் ஒருசாரார். ஓய்வாக ஓடும் சிறு யந்திரத்தின் ஓசை அவற்றை ஈர்க்கின்றதென்பர் வேறொருசாரார். யந்திர ஒலி பிராணிகளை விரட்டும் என்று மேலே எழுதிய நாமே இதனையும் எழுத வேண்டியிருக்கின்றது! விரைந்து வரும் ஒலி வேறு, நின்ற இடத்து நிற்கும் ஒலி வேறு என்று கொள்வதே பொருந்தும். பழைய வேட்டையை அவை மன்னித்துவிட்டன என்று உருகி எழுதுவோரும் உளர். ஸ்காமன் காலத்துத் திமிங்கிலம் எதுவும் இன்று உயிரோடிருப்பதற்கில்லை. ஆகவே மன்னிப்பு என்னும் சொல்லை நாம் எடுத்தாளத் துணியவில்லை.

அக்கழியிலும் விதிகள் உண்டு. படகுகளின் எண்ணிக்கைக்கும் நேரத்துக்கும் வரம்பு உண்டு. திமிங்கிலத்தோடு நீந்துதல் கூடாது. கழியின் ஒரு பகுதி படகே நுழையாத இடமாகத் தாய்களுக்கும் சேய்களுக்கும் விடப்பட்டிருக்கின்றது. வழிகாட்டிகளாக உள்ளோர் பலர் முன்னர்க் கழியில் மீன்பிடித்தோரும், அவர் மக்களுமே. 1990-களில் அக்கழிக்கரையில் மாபெரும் உப்பளம் ஒன்று அமைக்கும் திட்டம் எழுந்தபோது எதிர்ப்பு ஓங்கியது; 2000-ஆம் ஆண்டில் ஜனாதிபதி செதியோ அத்திட்டத்தைக் கைவிட்டார். ஆயின், கழியைக் காத்ததனால் மட்டும் திமிங்கிலம் காக்கப்பட்டதென்று இருந்துவிடுவதற்கில்லை. 2016-ஆம் ஆண்டளவில் 27,000 என மதிக்கப்பட்ட கிழக்குப் பசிபிக் சாம்பல் திமிங்கிலங்கள், 2025-ஆம் ஆண்டின் கணக்கில் ஏறக்குறைய 13,000 ஆகக் குறைந்துள்ளன. 2019-ஆம் ஆண்டு முதல் மெலிந்த உடல்கள் கரையொதுங்கத் தொடங்கின. வடகடலின் பனி உருகி, அடிச்சேற்றின் இரை மாறுபடுதலே காரணமென்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். படகருகில் தலைதூக்கும் தாய் பல மாதம் உண்ணாதது என்பதை அறிந்தபின், அதனை ஒரு நாழிகை கூடுதலாகத் துரத்துவது எத்தன்மையதென்பது தானே விளங்கும். அதன் உடலில் எஞ்சிய கொழுப்பு, திரும்பிச் செல்லும் வழிக்குரிய கட்டுச்சோறு.

மீண்டும் வளைகுடாவுக்குள் வருவோம். அதன் தென்முனையில், வாயிலை அடுத்து, கபோ புல்மோ என்னும் சிற்றூர் இருக்கின்றது. அதன் முன் ஒரு பவளப்பார் உளது. அவ்வூரார் பல தலைமுறையாக மீன்பிடித்தே வாழ்ந்தவர். மீன் குறைந்துவரக் கண்டு, 1995-ஆம் ஆண்டில் அவர்கள் தாமே வேண்டிக்கொண்டதன்மேல், 71 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்புள்ள கடல், தேசியப் பூங்காவாக விளம்பரப்படுத்தப்பட்டது. சட்டம் அதன் ஒரு பகுதியிலேயே மீன்பிடியைத் தடுத்தது. ஊரார் முழுவதிலும் நிறுத்திக்கொண்டனர். 1999-க்கும் 2009-க்கும் இடையே அங்குள்ள மீன்களின் மொத்த எடை 463 விழுக்காடு உயர்ந்ததாக, 2011-ஆம் ஆண்டில் வெளிவந்த ஆராய்ச்சி கூறிற்று. இன்று அங்கே முகக் கண்ணாடியணிந்து இறங்குவோர் ஆயிரக்கணக்கான பாரை மீன்கள் சுழல்தூண் போலத் திரண்டு சுற்றுவதைக் காண்கின்றனர். வலையிழுத்த கைகளே இன்று அவர்களைப் படகேற்றி இறக்குகின்றன. அப்பாரில் கால் ஊன்றலாகாது, நங்கூரத்தை மணலிலன்றிப் பவளத்தில் எறியலாகாது என்று அவர்கள் ஒவ்வொரு முறையும் சொல்லக் கேட்கலாம். மண்டபத்துக்கும் குருசடைத் தீவுக்கும் சென்று, கல்லைப் புரட்டிப் பார்த்துப் புரட்டியபடியே விட்டுவரும் நம் மாணவரும் இதனைக் கேட்பது நலம். கல்லின் அடியில் வாழ்வன, வெயில் பட்டால் உலர்ந்து மடியும்.

வளைகுடாவின் வடகோடியில் மட்டும் வாழ்ந்து, உலகில் வேறெங்கும் இல்லாத ஒரு சிறு பிராணியைப் பற்றிக் கூறி முடிப்போம். வகீட்டா என்பது அதன் பெயர். ஸ்பானிய மொழியில் "சிறு பசு" என்பது பொருள். ஓங்கிலுக்கு உறவினது; ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு மேற்படாதது; கண்ணைச் சுற்றி மை தீட்டினாற் போன்ற கரிய வளையமுடையது. 1958-ஆம் ஆண்டிலேதான் சாஸ்திரம் அதனை அறிந்து பெயரிட்டது. 1997-ஆம் ஆண்டில் எண்ணிய போது ஏறக்குறைய 570 இருந்தன. தோத்தோவாபா என்னும் பெருமீனின் காற்றுப்பை சீன தேசத்தில் மிகுந்த விலை போவதால், அதனைப் பிடிக்கத் திருட்டுத்தனமாக விரிக்கும் வலைகளில் இச்சிறு பிராணி சிக்கி, மூச்சுவிட மேலெழ இயலாது மடிகின்றது. இப்பொழுது எஞ்சியிருப்பன ஏறக்குறைய பத்து என்பர்.

இதனைக் காண எப்படகும் உல்லாசப் பிரயாணம் செல்வதில்லை. யந்திர ஓசை கேட்டால் விலகிவிடும். துள்ளாது, படகின் முன் சவாரி செய்யாது, மூச்சுவிடக் கணப்போது முதுகைக் காட்டி மறைந்துவிடும். கடற்சிங்கக் குட்டியைப் போலவும் சாம்பல் திமிங்கிலத்தைப் போலவும் தானாக வந்து நம்மைப் பார்க்கும் இயல்பு அதற்கு இல்லை. எனவே ஆராய்ச்சியாளர், ஒலி கேட்கும் சிறு கருவிகளை நீருக்குள் தாழ்த்தி வைத்து வந்துவிடுகின்றனர். அவற்றை இடுவதற்கும் எடுப்பதற்கும் துணை செய்வோர் சான் பெலிப்பே ஊர் மீனவர். வழி தேடும்பொருட்டு வகீட்டா எழுப்பும் ஒலி விநாடிக்கு 1,30,000 அதிர்வுகளை ஒட்டியது. மனிதக் காதோ 20,000-க்கு மேற்பட்டதை அறியாது. படகு சென்றபின், யாரும் இல்லாத நீரில், அக்கருவிகள் அச்சொடுக்கொலிகளைப் பதிந்துகொள்கின்றன. கருவியை மேலே எடுத்துப் பதிவை எண்ணிப் பார்த்து, இவ்வாண்டும் அவை இருக்கின்றன என்று அறிகின்றனர்.